நெய்வேலிக் கரியும் நம் கடைக் கணக்கும்



காலையில் கடையைத் திறந்ததும் நாம் முதலில் செய்வது விளக்குப் போடுவதுதான். மாவு மில் ஓடுவதும், தயிரும் பாலும் கெடாமல் இருப்பதும், மின் தராசு எடை காட்டுவதும் மின்சாரத்தால்தான். மாதக் கடைசியில் கட்டணம் கட்டும்போது முணுமுணுக்கிறோமே தவிர, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதற்கு முதல் போட்டவர் யார், நிலம் கொடுத்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தாமலில் மொத்த வியாபாரம் செய்யும் நாம், நெய்வேலியின் வரலாற்றை ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்த்து இங்கே எழுதுகிறோம். நம்மவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

கிணற்றில் கிடைத்த கரி

1930களில் தென்னார்க்காடு மாவட்டத்தில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதை அவர் ஒதுக்கிவிடாமல் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். அதுதான் பழுப்பு நிலக்கரி. பிற்பாடு சுரங்கத்துக்காகத் தம் நிலத்தையும் வழங்கினார்.

காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திட்டம் உருப்பெற்றது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நான்கு ஆண்டு காலம் மண்ணை வாரியதுதான் மிச்சம்! ஒரு டன் கரி எடுக்க அதைப்போல் பல மடங்கு மண்ணை அகற்ற வேண்டும். மேலே இருக்கும் மணற்பாறை இயந்திரங்களின் பற்களைத் தேய்த்துவிடும். கீழே ஊற்று நீர் அழுத்தத்தோடு பொங்கி நிற்கும். இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிற்கும்.

இவ்வளவு காலம் வரவு இல்லாமல் முதல் போட எந்தத் தனி முதலாளி முன்வருவார்? நாம் மூன்று மாதம் சரக்கு தேங்கினாலே வட்டிக் கணக்குப் பார்த்துக் கலங்குகிறோம். அரசாங்கம் முதல் போட்டதன் காரணம் இங்கே விளங்கும். மேற்கு ஜெர்மனியின் சுரங்க இயந்திரங்களும் சோவியத் நாட்டின் உதவியும் சேர்ந்தன. 1962இல் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. படிப்படியாக அது 600 மெகாவாட் ஆக வளர்ந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு நெய்வேலி என்றால் இன்னும் இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று யூரியா. மற்றொன்று ‘லெக்கோ’ என்ற அடுப்புக் கரி. கேஸ் அடுப்பு எல்லார் வீட்டுக்கும் வராத காலத்தில் லெக்கோ மூட்டை ஒரு நல்ல சரக்கு. இன்று அந்தத் தொழிற்சாலைகள் இரண்டுமே இல்லை. முதல் அனல்மின் நிலையமும் 2020இல் முழுமையாக ஓய்வு பெற்றது.

வடக்கே நடந்தது வேறு கதை

நெய்வேலி பிறக்கும்போதே அரசாங்கச் சொத்தாகப் பிறந்தது. வங்காளம், பீகார் பக்கத்துச் சுரங்கங்களோ அப்படியல்ல. ராணிகஞ்சில் 1774இலேயே வெள்ளையர் கரி எடுக்கத் தொடங்கினர். அது முதல் சுமார் இருநூறு ஆண்டு காலம் பெரும்பாலான சுரங்கங்கள் தனியார் கையிலேயே இருந்தன.

குத்தகைக்குத் தென்னந்தோப்பு எடுத்தவர் தண்ணீர் பாய்ச்சாமல் காயை மட்டும் பறித்துக்கொண்டு போனால் தோப்பு என்ன ஆகும்? அங்கே அதுதான் நடந்தது. எளிதாகக் கிடைக்கும் நல்ல கரியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பாழாக விட்டனர் பலர். தொழிலாளிக்குக் கூலியும் சரியில்லை, உயிருக்குப் பாதுகாப்பும் இல்லை.

1971 அக்டோபரில் எஃகு ஆலைகளுக்கான கோக்கிங் கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972 மே முதல் தேதி அவை நாட்டுடைமை ஆயின. 1973 ஜனவரியில் மற்றச் சுரங்கங்களின் நிர்வாகமும் அரசின் கைக்கு வந்தது. அதே ஆண்டு மே முதல் தேதி எழுநூறுக்கும் மேற்பட்ட அந்தச் சுரங்கங்களும் நாட்டுடைமை ஆயின. எஃகு ஆலைகளின் சொந்தச் சுரங்கங்களுக்கு மட்டும் விலக்கு. இதை முன்நின்று நடத்தியவர் நம் தமிழ்நாட்டுக்காரர், மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். வேலை முடிந்த அதே மாதம் 31ஆம் தேதி தில்லி அருகே விமான விபத்தில் அவர் காலமானார். 1975 நவம்பரில் கோல் இந்தியா நிறுவனம் அமைந்தது.

நாட்டுடைமை ஆனதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. அதே 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் சுரங்கமும் அரசின் நிர்வாகத்தில் இருந்த எஃகு நிறுவனத்தினுடையதுதான். நெய்வேலியிலும் 2020 மே, ஜூலை மாதங்களில் கொதிகலன் விபத்துகளில் பல தொழிலாளர்கள் உயிரிழந்தனர். உடைமை மாறினால் போதாது, கவனமும் வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏழு கோடி டன் அளவில் இருந்த நாட்டின் நிலக்கரி உற்பத்தி, 2024-25இல் 100 கோடி டன்னைத் தாண்டியது. 2000ஆம் ஆண்டு வரை கரிக்கு அரசின் விலைக் கட்டுப்பாடு இருந்தது. தனியாருக்குச் சுரங்கம் ஒதுக்கியதில் நடந்த முறைகேடுகளால் 2014இல் உச்ச நீதிமன்றம் 214 ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. பிறகு ஏல முறை வந்தது. 1973ஆம் ஆண்டின் நாட்டுடைமைச் சட்டமே 2018 ஜனவரியில் நீக்கப்பட்டது. 2020 முதல் தனியாரும் கரி எடுத்து வெளிச்சந்தையில் விற்கும்படி ஏலம் நடக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நிலக்கரி மீது ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. டன்னுக்கு 400 ரூபாய் இழப்பீட்டு வரி நீங்கியது.

நெய்வேலியின் பங்குகளை விற்கும் முயற்சி வந்தபோது தமிழ்நாடு பொறுக்கவில்லை. 2006இல் தொழிலாளர் வேலைநிறுத்தமும் மாநில அரசின் எதிர்ப்பும் அதை நிறுத்தின. 2013இல் 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன.

கடைத்தெரு வாழ்ந்தது, கிராமம் பெயர்ந்தது

ஒரு பொதுத்துறை நிறுவனம் வந்தால் வியாபாரம் எப்படிப் பெருகும் என்பதற்கு மந்தாரக்குப்பம், வடலூர் கடைத்தெருக்களே சாட்சி. மாதாமாதம் தேதி தவறாத சம்பளம். அதை நம்பிக் கடன் கொடுக்கலாம், பற்று வரவு எழுதலாம். மளிகைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்தச் சம்பளத்துக்கு அடியில் பெயர்ந்துபோன கிராமங்கள் இருக்கின்றன. நிலம் கொடுத்தவர்களுக்கு இழப்பீடும் வேலையும் போதவில்லை என்ற மனக்குறை தலைமுறைகளாக ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரில் இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்குப் பகுதிகளைக் கரி ஏலத்தில் சேர்த்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. மத்திய அரசு அவற்றை விலக்கிக்கொண்டது.

கிராமம் பெயரும்போது பட்டாதாரர் பெயர் முதலில் எழுதப்படுகிறது. அந்தக் கிராமத்தில் வாடகைக்குக் கடை வைத்திருந்தவர் கதி என்ன? நிலம் அவருடையது அல்ல. ஆனால் முப்பது வருட வாடிக்கையும், வீட்டுக்கு வீடு நிற்கும் கடன் பாக்கியும் அவருடையது. ஊர் நாலா பக்கமும் சிதறினால் கடன் நோட்டு வெறும் காகிதம்தானே?

நாம் செய்ய வேண்டியது

இது நெய்வேலியோடு போகிற விஷயம் அல்ல. நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது முதல் ஏகனாபுரம் மக்கள் போராடி வருகிறார்கள். தாமல் வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சாலை விரிவாக்கம் என்றால் என்ன என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மத்திய அரசின் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நம்மவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நிலம் இல்லாவிட்டாலும், நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த ஊரில் தொழில் செய்து, அதுவே முக்கியப் பிழைப்பாக இருந்து, அது பாதிக்கப்பட்டால் அந்தக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே. சிறு வியாபாரிக்குக் குறைந்தது 25,000 ரூபாய் ஒருமுறை உதவித்தொகை என்றும் அதன் அட்டவணை கூறுகிறது. தொகை சிறியதுதான். ஆனால் கணக்கில் பெயர் ஏறினால்தான் மற்ற உரிமைகளையும் கேட்க முடியும்.

பெயர் ஏற ஆதாரம் வேண்டும். வாய்ப்பேச்சில் கடை எடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆகவே வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். வாடகை ரசீது கேட்டு வாங்குங்கள். ஊராட்சி உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம், மின் கட்டண ரசீது ஆகியவற்றை ஆண்டு வாரியாக ஒரே கோப்பில் சேருங்கள். கடன் பாக்கிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் பகுதிக் கடைகளின் பட்டியலை எடுத்து வைப்பது மிகவும் நல்லது.

சுரங்கமோ, சாலையோ, விமான நிலையமோ நாட்டுக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நெய்வேலி இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் எத்தனை பம்புசெட்டு ஓடியிருக்கும்? ஆனால் ஊருக்கு விளக்கு வரும்போது, அதற்காகத் தன் கடை விளக்கை அணைத்தவன் பெயரும் கணக்கில் எழுதப்பட வேண்டும். அதை எழுத வைப்பது நம் ஒற்றுமையின் கையில் இருக்கிறது.