அரசுப் பணிக்கான முதுகலைப் படிப்புகள்

அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், அரசு சார்ந்த நிறுவனங்கள் ஆகியவற்றில் பணியாற்ற விரும்புவோருக்கும் ஏற்கெனவே பணியில் இருப்போருக்கும் ஆட்சி நடைமுறையைப் பாடமாகக் கற்பிக்கும் பட்டமேற்படிப்புகள் பல நாடுகளில் உள்ளன. இவற்றுள் பொது நிருவாக முதுகலையும் பொதுக் கொள்கை முதுகலையும் முதன்மையானவை. முதலாவதன் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால், வணிக மேலாண்மைப் பட்டத்தைப் போலவே அதுவும் எம்.பி.ஏ. என்றுதான் வரும். கல்லூரி விளம்பரங்களைப் படிப்போர் முழுப் பெயரையும் பார்ப்பது நல்லது.

இத்தகைய பட்டம் வேலைக்கு வழியாகுமா என்பது நாட்டுக்கு நாடு மாறுபடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நகராட்சி மேலாளர், வரவுசெலவுத் திட்டப் பகுப்பாய்வாளர் போன்ற பணிகளுக்கு இது நேரடித் தகுதியாக மதிக்கப்படுகிறது. இந்தியாவில் நிலைமை வேறு. இந்திய ஆட்சிப் பணி (இ.ஆ.ப.), இந்தியக் காவல் பணி (இ.கா.ப.) முதலியவற்றுக்கான போட்டித் தேர்வை எழுத ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் போதும். பொது நிருவாகத்தில் முதுகலை முடித்தவருக்கு அத்தேர்வில் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாகக் கிடையாது. இது தெரியாமல் இரண்டு ஆண்டுகளையும் கட்டணத்தையும் செலவிட்டுப் பின்னர் ஏமாற்றம் அடைவோர் உண்டு.

பொதுக் கல்வியா, தனிப் பயிற்சியா?

இந்த வேறுபாட்டின் வேர் 19ஆம் நூற்றாண்டில் உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பணிக்கு முன்னரே பயிற்றுவிக்க 1806இல் இங்கிலாந்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. பின்னர் அது ஹெய்லிபரியில் இயங்கியது. சென்னைக்கு வந்து சேர்ந்த இளம் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்பிக்க 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. அதை நிறுவுவதில் முன்னின்ற எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1816இலேயே எடுத்துக்காட்டியவர். மொழியியல் வரலாற்றில் பேசப்படும் அந்தக் கருத்து, அரசு ஊழியர் பயிற்சியின் துணை விளைவாகவே பிறந்தது.

கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையால் பதவி பெறும் முறை 1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தால் ஒழிந்தது. மெக்காலே தலைமையிலான குழு 1854இல் அறிக்கை அளித்தது. 1855இல் இலண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. 1858இல் ஹெய்லிபரி கல்லூரி மூடப்பட்டது. பிரித்தானிய உள்நாட்டு அரசுப் பணிக்கும் போட்டித் தேர்வு வேண்டும் என்று நார்த்கோட்டும் டிரெவெலியனும் அளித்த அறிக்கையும் 1854ஆம் ஆண்டினதே. டிரெவெலியன், மெக்காலேயின் தங்கை கணவர். பின்னர் சென்னை ஆளுநராகவும் இருந்தார்.

இலக்கியம், கணிதம், வரலாறு என எதையேனும் ஆழ்ந்து கற்ற கூர்மையான இளைஞர் எந்த வேலையையும் பணியில் சேர்ந்தபின் கற்றுக்கொள்வார் என்பதே இவ்வறிக்கைகளின் அடிப்படை. ஆகவே தேர்வு பொதுக் கல்வியைச் சோதித்தது. ஆட்சிப் பயிற்சி தேர்வுக்குப் பின்னர் வந்தது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வு இன்றும் இதே வரிசையில்தான் நடக்கிறது. இயற்பியலோ கால்நடை மருத்துவமோ படித்தவர் தேர்வில் வென்று, முசௌரியில் உள்ள லால் பகதூர் சாஸ்திரி தேசிய நிருவாக அகாதமியில் பயிற்சி பெறுகிறார். அங்கு இ.ஆ.ப. பயிற்சியை நிறைவு செய்வோருக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பொது மேலாண்மையில் முதுகலைப் பட்டமும் வழங்குகிறது. பணி முதலில் கிடைக்கிறது, பட்டம் பிறகு வருகிறது.

அமெரிக்காவில் தோற்றம்

அமெரிக்காவில் இப்படிப்பு பல்கலைக்கழக வகுப்பறையில் பிறக்கவில்லை. தேர்தலில் வென்ற கட்சி தன் ஆட்களுக்கு அரசு வேலைகளைப் பங்கிட்டுக் கொடுப்பது அங்கு நெடுங்கால வழக்கம். 1881இல் குடியரசுத் தலைவர் கார்பீல்டைச் சுட்டவன், தனக்குப் பதவி கிடைக்கவில்லை என்று வெகுண்ட ஒருவன். அதன் பிறகு எழுந்த கொதிப்பில் 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்து, தகுதி அடிப்படையிலான நியமனம் தொடங்கியது. 1887இல் உட்ரோ வில்சன் நிருவாகத்தைத் தனியே ஆராய வேண்டிய துறையாகக் காட்டிக் கட்டுரை எழுதினார். அப்போது அவர் ஓர் இளம் பேராசிரியர். குடியரசுத் தலைவரானது பின்னாளில்.

ஆயினும் படிப்பாக அது உருப்பெற்றது நியூயார்க் நகரத் தெருக்களில்தான். நகராட்சியின் கணக்குகளை ஆராய 1906இல் அங்கு ஓர் ஆய்வகம் தொடங்கப்பட்டது; அடுத்த ஆண்டு அது நகராட்சி ஆய்வுக் கழகமாகப் பதிவு பெற்றது. மன்ஹாட்டன் பகுதியின் நிருவாகத்தையும் தெருப் பராமரிப்பையும் அதன் ஆய்வாளர்கள் ஆராய்ந்து வெளியிட்டதைத் தொடர்ந்து விசாரணை நடந்தது. அப்பகுதித் தலைவர் ஜான் அகர்ன் 1907இல் ஆளுநரால் பதவி நீக்கப்பட்டார். இப்படிக் கணக்கும் களமும் தெரிந்தவர்கள் போதிய அளவில் இல்லை என்பதால், 1911இல் அக்கழகம் பொதுப் பணிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. இரயில்வே அதிபர் ஹாரிமனின் மனைவி மேரி ஹாரிமன் அதற்குப் பொருளுதவி செய்தார். 1924இல் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் மாக்சுவெல் பள்ளி தொடங்கப்பட்டபோது அப்பயிற்சி மரபு அங்கே இடம் மாறி, முதுகலைப் பட்டமாயிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1936இல் தன் பள்ளியை நிறுவியது; இன்று அது ஜான் கென்னடி பெயரைத் தாங்குகிறது.

பொதுக் கொள்கை முதுகலை இதற்குப் பிந்தியது. 1960களின் இறுதியில் பெர்க்லி, ஹார்வர்டு முதலிய இடங்களில் தொடங்கிய இப்படிப்பு பொருளியலையும் புள்ளியியலையும் முன்னிறுத்தியது.

நிருவாகமும் கொள்கையும்

இரு படிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்நாட்டு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைக் கொண்டு விளக்கலாம். அத்திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, முதல் கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடைபெற்றது. 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

இரு கட்டங்களுக்கும் இடையே கேட்க வேண்டிய கேள்விகள் கொள்கைப் படிப்பைச் சேர்ந்தவை. உணவால் வருகைப்பதிவு கூடியதா, அல்லது அப்பள்ளிகளில் வேறு காரணத்தால் கூடியதா? திட்டம் இல்லாத எந்தப் பள்ளிகளோடு ஒப்பிடுவது? அதே பணத்தைக் கூடுதல் ஆசிரியர்களுக்கோ சத்து மாத்திரைகளுக்கோ செலவிட்டால் என்ன கிடைக்கும்? மாணவர்கள் புள்ளியியலும் நுண்பொருளியலும் படிப்பது இவற்றுக்கு விடை தேடத்தான்.

விரிவாக்கம் முடிவானபின் எழும் கேள்விகள் நிருவாகப் படிப்பைச் சேர்ந்தவை. சமைப்பவரை யார் அமர்த்துவது, யாரிடம் அவர் பதில் சொல்ல வேண்டும்? அரிசியும் ரவையும் எந்த வழியாகப் பள்ளிக்கு வரும்? காலை ஐந்தரை மணிக்கு எரிவாயு தீர்ந்தால் முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? பட்டியல்கள் எத்தனை கையெழுத்துகளுக்குப் பின் பணமாகும்? வரவுசெலவுத் திட்டம், பணியாளர் மேலாண்மை, கொள்முதல் விதிகள், நிருவாகச் சட்டம், தணிக்கை ஆகிய பாடங்கள் இங்கு உதவும். நடைமுறையில் இரு பட்டங்களின் பாடத்திட்டங்களும் பெரிதும் கலந்துவிட்டன. பெயரைவிட, எத்தனை பாடங்கள் எண்களோடு தொடர்புடையவை என்பதையும் களப்பணி உண்டா என்பதையும் பார்த்துப் படிப்பைத் தேர்வதே சரியாக இருக்கும்.

நல்ல பள்ளிகளில் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குப் பதிலாக, உண்மையான ஓர் அரசுத் துறையோ மாநகராட்சியோ கொடுக்கும் சிக்கலுக்கு மாணவர் அறிக்கை எழுதுகிறார். நியூயார்க் கழகத்தின் பழைய வழக்கம் இவ்வாறு இன்னும் தொடர்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் குறையாகக் காணப்படுவது இதுவே.

இந்தியாவில்

சென்னைப் பல்கலைக்கழகம் 1937இல் பொது நிருவாகத்தில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. நாக்பூர் பல்கலைக்கழகத்தில் 1949–50இல் இதற்கெனத் தனித்துறை அமைந்தது. விடுதலைக்குப் பின் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க அறிஞர் பால் ஆப்பிள்பி 1953இல் அளித்த அறிக்கையின்படி, 1954இல் இந்தியப் பொது நிருவாக நிறுவனம் தில்லியில் உருவாயிற்று. ஆப்பிள்பி மாக்சுவெல் பள்ளியின் தலைவராக இருந்தவர். அமெரிக்கக் களமரபு இந்தியாவுக்கு வந்து சேர இது ஒரு வாய்ப்பாக இருந்தது.

ஆனால் கல்லூரிகளில் இப்பாடத்தை வளர்த்தது வேறொன்று. 1987இல் குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களில் பொது நிருவாகம் சேர்க்கப்பட்டது. அளவான பாடத்திட்டம், பொது அறிவுத் தாள்களோடு ஒத்துப்போகும் பகுதிகள் ஆகிய காரணங்களால் 2010ஆம் ஆண்டையொட்டி மிகுதியானோர் விரும்பிய பாடங்களில் ஒன்றாக இது இருந்தது. 2013இல் விருப்பப் பாடங்கள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டன. அதன்பின் இதைத் தேர்ந்தெடுப்போர் தொகையும் சரிந்தது. இன்றைய முறையில் மொத்தம் 2,025 மதிப்பெண்களுள் விருப்பப் பாடத்துக்கு 500 உரியது. கௌடில்யர், டெய்லர், வெபர் ஆகியோரின் கருத்துகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மாணவர் பலர்; ஒரு பேரூராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தைக் கையில் எடுத்துப் படித்தவர் சிலரே. தேர்வுக்காக வளர்ந்த பாடம் தேர்வின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது.

தேர்வுக்குத் துணையாகப் பட்டமும் பெற விரும்புவோர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் தொலைநிலையில் குறைந்த கட்டணத்தில் படிக்கின்றனர். அந்நோக்கத்துக்கு அதுவே போதும். கொள்கைப் படிப்பு அண்மைக் காலத்தது. பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனம் 2002இலும், அந்நகரின் தேசியச் சட்டப் பள்ளி 2014இலும் இதைத் தொடங்கின.

பட்டத்துக்குப் பின்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1 பணிகளும் பொதுவாக ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டத்தையே கேட்கின்றன. எனவே துணை ஆட்சியர் ஆவதற்கு முதுகலை தேவையில்லை. இப்பட்டம் பயன்படும் இடங்கள் வேறு. கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தேசியத் தகுதித் தேர்வில் பொது நிருவாகம் தனிப் பாடமாக உள்ளது. ஆய்வு நிறுவனங்களும், அரசுக்கு ஆலோசனை கூறும் நிறுவனங்களும், பன்னாட்டு அமைப்புகளின் திட்ட அலுவலகங்களும் கொள்கைப் பட்டதாரிகளை அமர்த்துகின்றன. இவற்றில் பல ஒப்பந்தப் பணிகள்; அரசு ஊழியருக்குரிய நிலைப்பும் ஓய்வூதியமும் அவற்றில் இல்லை.

அரசுக்குள்ளேயே இளைஞர்கள் குறுகிய காலம் பணியாற்றும் திட்டங்களும் உள்ளன. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சட்டமியற்றும் பணியில் உதவும் லாம்ப் திட்டத்தை பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனம் நடத்துகிறது. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதலமைச்சரின் ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் தேர்வானோர் இரண்டு ஆண்டுகள் அரசுத் துறைகளோடு பணிபுரிந்தவாறே, திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் வழியாகப் பொதுக் கொள்கையில் சான்றிதழும் பெறுகின்றனர். கட்டணம் செலுத்திப் படிப்பதற்குப் பதில், ஊதியம் பெற்றுக்கொண்டு படிப்பதாக இது அமைகிறது.

பட்டமும் பணி அனுபவமும் உள்ளவர்களை நேரடியாக உயர் பதவிகளில் அமர்த்தும் பக்கவாட்டு நியமனத்தை ஒன்றிய அரசு 2018இல் விளம்பரப்படுத்தித் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 45 பதவிகளுக்கு விளம்பரம் வந்தபோது, இவற்றில் இட ஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பு வலுத்தது; சில நாட்களிலேயே விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. செலவு மிக்க பட்டங்களைப் பெற இயன்றவர்களுக்கு மட்டும் தனி வழி அமைந்துவிடக் கூடாது என்ற அக்கறை இந்த எதிர்ப்பில் இருந்தது. பிரான்சிலும் இதையொத்த விவாதம் நடந்தது. 1945இல் நிறுவப்பட்டு நான்கு குடியரசுத் தலைவர்களை உருவாக்கிய தேசிய நிருவாகப் பள்ளி, வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கே உதவுகிறது என்ற குறைகூறலின் பின்னணியில் மூடப்பட்டது. அதன் இடத்தில் 2022 சனவரியில் புதிய நிறுவனம் வந்தது. மூடியவர் அப்பள்ளியிலேயே பயின்ற மக்ரோன்.

வெளிநாட்டுப் படிப்பும் கடனும்

அமெரிக்காவில் படிக்கச் செல்லும் இந்திய மாணவர் கவனிக்க வேண்டியது, அங்குள்ள கூட்டரசு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே உரியவை என்பது. பொதுப் பணியில் 10 ஆண்டு இருந்து 120 தவணை செலுத்தியோரின் எஞ்சிய கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யும் 2007ஆம் ஆண்டுத் திட்டம் அந்நாட்டு அரசுக் கடனுக்கு மட்டுமே பொருந்தும்; இந்திய வங்கியில் வாங்கிய கடனுக்குப் பொருந்தாது. அங்குள்ளோர்க்கும் வழிகள் குறுகி வருகின்றன. முதுகலை முடித்தவர்களைக் கூட்டரசுப் பணியில் சேர்க்க 1977இல் தொடங்கிய பயிற்சித் திட்டம், குடியரசுத் தலைவரின் மேலாண்மை உறுப்பினர் திட்டம் என வளர்ந்து, 2025 பிப்ரவரியில் ஆணை ஒன்றால் முடிவுக்கு வந்தது.

வெளிநாட்டுப் பட்டத்தால் மிகுதியும் பயன்பெறும் இந்தியர்கள் ஏற்கெனவே பணியில் உள்ள அதிகாரிகளே. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மாவட்டங்களில் உழைத்தபின் படிப்பு விடுப்பில் சென்று, ஓராண்டு நடுப்பணி முதுகலையை ஹார்வர்டு போன்ற இடங்களில் முடிப்போர் பலர். வேலை அவர்களுக்காகக் காத்திருக்கிறது. வகுப்பில் கேட்கும் ஒவ்வொரு கருத்தையும் உரசிப் பார்க்க அனுபவமும் இருக்கிறது. இளநிலை முடித்த உடனே கடன் வாங்கிச் செல்லும் இருபத்திரண்டு வயது மாணவருக்கு இவை இரண்டும் இல்லை. அவர் விண்ணப்பிக்கும் முன் அப்பள்ளியிடம் கேட்டறிய வேண்டிய தகவல் ஒன்று உண்டு: சென்ற ஆண்டு பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவர்கள் எந்த நாட்டில், எந்த வேலையில் சேர்ந்தார்கள் என்பது.