கழுத்தைத் திருகவிடும் முன்

கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பின் மூட்டுகளைக் கையால் சட்டென அழுத்தியோ திருப்பியோ வலியைக் குறைக்க முயலும் முறை. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி.டி.பால்மர் இதைத் தொடங்கினார். கணினி முன் உட்கார்ந்தே கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்டவர்களையும், பளு தூக்கிச் சுளுக்கிக்கொண்டவர்களையும் இன்று காணொளிகள் இதன் பக்கம் இழுக்கின்றன. அவற்றில் ‘டக்’கென்று கேட்கும் ஒலி, விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்த ஒலி அல்ல. மூட்டுத் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக்குழி உண்டாகும் சத்தம் அது. விரலில் நெட்டி முறித்தாலும் அதுவே கேட்கும்.

கீழ் முதுகு வலிக்கு இதனால் ஓரளவு பலன் உண்டு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டுமே இதைப் பரிசீலிக்கலாம் என 2016இல் கூறியது. சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். அதுவரை படுத்தே கிடக்காமல் நடமாடுவது நல்லது.

கழுத்து விஷயம் வேறு. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறிச் செல்கின்றன. தலையை வேகமாகத் திருகினால் அவற்றின் உட்சுவர் கிழியலாம். அங்கே உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் உண்டாக்கலாம். இது அரிதாகவே நேர்கிறது. ஆனால் நேர்ந்தால் விளைவு மிகக் கொடியது. திடீரென வந்த கழுத்துவலியே ஏற்கெனவே கிழிந்த தமனியின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், காரணம் தெரியாமல் திருகுவது இரட்டை ஆபத்து. முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இருபுறமும் திருகும் சலூன் வழக்கத்துக்கும் இதே ஆபத்து உண்டு. கழுத்தைத் தொடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எலும்புத் தேய்வு, முடக்குவாதம், புற்றுநோய், எலும்பு முறிவு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதற்குப் போகக்கூடாது. சிகிச்சைக்குப் பின் தலைசுற்றல், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்க முடியாமை வந்தால் உடனே 108ஐ அழைக்கவேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே அவகாசம். அறிகுறிகள் சில நாட்கள் கழித்தும் வரலாம். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அதுவும் அவசரநிலைதான்.

பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தொழிலுக்குத் தனிப் பதிவு மன்றம் உண்டு. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. பெயர்ப்பலகையை நம்பாமல் படிப்பையும் பதிவையும் கேட்டறியும் பொறுப்பு நோயாளியின் தலையில் விழுகிறது. என்ன செய்யப்போகிறார்கள், அதன் ஆபத்து என்ன என்று கேட்கவும், நடுவிலேயே நிறுத்தச் சொல்லவும் உரிமை உண்டு.

பாதிப்பு நேர்ந்தால் ரசீது, ஸ்கேன், மருத்துவமனைக் குறிப்புகள் மூன்றும் அவசியம். கட்டணம் வாங்கிய சேவையின் குறைபாட்டுக்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண் உள்ளது. தகுதியின்றி மருத்துவம் பார்ப்பவர் மீது தமிழ்நாட்டில் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.