குட்டானில் ஒட்டிய பெயர்

ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல். இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலந்தான் முள்ளிவாய்க்கால். 2009 போருக்குப் பிறகு திரும்பி வந்து குடியமர்ந்தவர்கள் கடலையும் பனையையும் நம்பியே மறுபடி தொழில் தொடங்கினார்கள். கருவாடு, பனங்கட்டி, ஒடியல் மா எல்லாம் இப்போது லேபல் ஒட்டிய பைகளில் வருகின்றன. ஒரு பெயர், ஒரு பனைமரப் படம், கீழே தொலைபேசி இலக்கம். அந்தப் பெயர் சட்டப்படி யாருடையது என்று கேட்டால், "பதிஞ்சிருக்கிறன் தானே" என்று பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழை நீட்டுவார்கள்.

சிக்கல் அங்கேதான். அந்தச் சான்றிதழ் வங்கிக் கணக்குக்கும் கடனுக்கும் உதவும். இன்ன பெயரில் இன்னார் தொழில் செய்கிறார் என்பதற்கு அது அத்தாட்சி. பையில் உள்ள பெயரையும் படத்தையும் இன்னொருவர் எடுத்து ஒட்டாமல் தடுப்பது வியாபாரக் குறிப் பதிவு. அதற்குக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சட்டம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிந்தால் பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பொருட்களை 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். கருவாடு 29, பனங்கட்டியும் தேனும் 30. கருவாடும் பனங்கட்டியும் விற்பவர் இரண்டு வகுப்புக்கும் பதிய வேண்டும்.

பதியாதவருக்கு வழியே இல்லை என்றில்லை. நேர்மையற்ற போட்டிக்கு எதிராக வழக்குப் போட இதே சட்டம் இடந்தருகிறது. ஆனால் பெயரை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது தான்தான் என்று அவரே நிரூபிக்க வேண்டும், அதுவும் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில். முல்லைத்தீவில் கருவாடு காயப்போடுகிறவர் எத்தனை தவணைக்குப் பஸ் ஏறுவார்? அச்சகத்தின் பழைய பில்லைக்கூட நம்மவர்கள் வைத்திருப்பதில்லை. திகதியுள்ள ஒவ்வொரு பில்லும் சாட்சி, எறியாதீர்கள்.

எல்லாவற்றையும் பதிந்துவிடவும் முடியாது. பனங்கட்டி வைக்கும் பனையோலைக் குட்டான் தலைமுறை தலைமுறையாக இழைக்கப்படுவது. அதில் புதுமை இல்லை, ஆகவே கைத்தொழில் வடிவமைப்பு என்று எவரும் உரிமை கோர முடியாது. வெறும் ஊர்ப் பெயரையும் தனியொருவர் குறியாகப் பதிவதைச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. முள்ளிவாய்க்கால் என்ற பெயரை யாரும் பைக்கற்றில் போட்டுச் சொந்தமாக்கக் கூடாது என்பது என் கருத்து. இந்த ஓர் இடத்தில் சட்டமும் என் பக்கம் நிற்பது நிம்மதி.

ஊரின் பெயரால் பயன்பெற வேண்டுமென்றால் ஊராகச் சேரத்தான் வேண்டும். கூட்டுக் குறிக்கும் சான்றுறுதிக் குறிக்கும் சட்டத்தில் இடமுண்டு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கமோ தரத்துக்கு விதி எழுதி, அதற்கு உடன்படும் உறுப்பினர்களுக்கு மட்டும் குறியைக் கொடுக்கலாம். இலங்கைக் கறுவா இப்படிக் கூட்டாக நின்றுதான் 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீடு பெற்றது. நாட்டுக்கு அதுவே முதலாவது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, உள்நாட்டிலும் புவியியல் குறியீட்டுக்குப் பதிவேடு ஏற்படுத்தினார்கள். வன்னித் தேனுக்கு அப்படியொன்று கேட்க வேண்டுமானால், அது எந்தக் காட்டுத் தேன், எப்படி எடுக்கப்படுகிறது, கலப்படத்தை யார் பரிசோதிப்பது என்று எழுத்தில் வைக்க வேண்டும். அதைச் செய்ய இன்றே உட்காரலாம்.

புலம்பெயர் நாடுகளுக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே பதிந்த குறி கனடாவிலோ இங்கிலாந்திலோ செல்லாது. அங்கே இறக்குமதி செய்கிறவர் தன் பெயரில் அதைப் பதிந்துவிட்டால், பிறகு உங்கள் பொருளை அவரிடம் கேட்டுத்தான் அங்கே விற்க வேண்டிவரும். ஒப்பந்தத்தில் குறி யாருடையது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்த லேபலை அச்சகத்துக்குக் கொடுக்க முன், அந்தப் பெயரை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று புலமைச் சொத்து அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அச்சடியுங்கள்.