மரக்காணம்: இரு நீர் கூடும் ஊர்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கி வருவோர், மரக்காணத்தை நெருங்கியதும் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களையும், வெள்ளை அம்பாரங்களாகக் குவிந்த உப்பையும் காண்பர். தெற்கே சிறிது தொலைவு சென்று அனுமந்தையை அடைவதற்குள் சவுக்குத் தோப்புகளும் மணிலாக் கொல்லைகளும் எதிர்ப்படுகின்றன. உப்பு விளையும் மண்ணும் பயிர் விளையும் மண்ணும் இவ்வளவு அருகருகே அமைந்திருப்பதே இக்கரையின் தனிச்சிறப்பாகும்.

விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்குக் கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே கழுவேலி. தமிழ்நாட்டில் பழவேற்காட்டிற்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவே. சுற்றிலுமுள்ள ஏரிகளின் கலங்கல் நீர் இதில் வந்து சேர்ந்து, எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் நன்னீராக நிறைந்து, கோடையில் உவர்ப்பேறும் இந்நீர்நிலை 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. பூநாரையும் கூழைக்கடாவும் இங்கே வந்து தங்குகின்றன.

இவ்வூரின் பழமையும் சிறிதன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளுஸ்’ என்னும் நூலில் வரும் சோபட்மா துறைமுகத்தையும் அவர்கள் இவ்வூராகவே கொள்கின்றனர். ஊரில் உள்ள பூமீசுவரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்தது. வடக்கே கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி இடித்தனர். இன்று சிதைந்த மதில்களே எஞ்சியுள்ளன.

ஆந்திரக் கரையிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்டுவரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் மரக்காணமே. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகச் சென்னை நகரில் இக்கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பெற்றது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் இவ்வழியே சென்னைக்குச் சென்றன.

இனி, உப்பு விளையும் வகையைக் காண்போம். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் வற்றவிட்டு, அடர்த்தி போமே மானியில் 25 பாகை அளவை எட்டியதும் சோற்றுப்பு படியத் தொடங்கும். 30 பாகையை நெருங்குமுன் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடவேண்டும். இன்றேல் உப்பின் தரம் கெடும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அள வேலை நின்றுவிடும். அம்மழையே உழவருக்கு ஆதாரம்.

அளத்திற்கு உவர்நீர் வாழ்வு. கொல்லைக்கு அதுவே கேடு. கடற்கரை மணலின் அடியில் நன்னீர், கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. ஆகவே அளவின்றி இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் 40 அடிவரை மேலேறக்கூடும். அவ்வாறு உவர்த்த கிணற்றைத் திரும்பப் பெறுதல் எளிதன்று.

இது உழவரின் கவலை மட்டுமன்று. உப்பும் கடினமும் ஏறிய நீரில் சாயம் நூலில் சீராகப் பிடிப்பதில்லை என்பதை நெசவாளர் நன்கு அறிவர்.

நிலத்திற்கு வரப்பு உண்டு. நிலத்தடி நீருக்கு வரப்பு இல்லை. ஒருவர் அளவோடு இறைத்தும் அண்டையிலுள்ளோர் அளவு மீறினால் பயனில்லை. ஆதலின் தனியொருவரால் ஆகாத இக்காரியம் கூட்டுறவுக்கே உரியது. கரையோரச் சங்கங்கள் கோடைதோறும் அங்கத்தினர் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து ஒரே பேரேட்டில் பதியலாம். உவர்ப்பு ஏறும் கிணற்றில் இறைப்பைக் குறைக்கப் பொதுக்குழுவில் தீர்மானிக்கலாம். மழைக்கு முன் ஏரி வரத்துக்கால்களைத் தூர்வாரலாம். சங்கக் கடனில் வெட்டிய கிணறு உவர்த்துப்போனாலும் தவணை நிற்பதில்லை என்பதை அங்கத்தினர் மனத்திற்கொள்வாராக.