புருவம் ஏறாத பாட்டு

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை பாடும் இடம் ஒன்று வருகிறது. இசையில் தன்னை வெல்பவனுக்கே மாலை என்று அறிவித்தாகிவிட்டது. இராசமாபுரத்து மண்டபத்தில் கூட்டம் நெரிகிறது. அவள் வீணையோடு அமர்ந்து பாடத் தொடங்குகிறாள். திருத்தக்கதேவர் நம்மை அவள் முகத்தைப் பார்க்கச் சொல்கிறார். புருவம் மேலே ஏறவில்லை, கண் ஆடவில்லை, கழுத்து புடைக்கவில்லை, பல் வெளியே தெரியவில்லை. பாடியது இவள்தானா, வீணையே நாவாகிப் பாடியதா என்று கேட்டவர்கள் மயங்கிப்போகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு சமணத் துறவி, பாடுகிறவரின் புருவத்தையும் மிடற்றையும் இவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. வாய்விட்டுப் பாடுவது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் படிக்கச் சொல்வேன்.

இப்போது ஏதாவது ஒரு பாட்டு வகுப்பின் வாசலில் நின்று பாருங்கள். சரளி வரிசை போய்க்கொண்டிருக்கும். மத்யமம் வரை முகம் சாதாரணமாக இருக்கும். பஞ்சமத்தில் தாடை லேசாக இறுகும். தைவதத்தில் முகவாய் தூக்கிக்கொள்ளும். நிஷாதத்தில் தோள் இரண்டும் ஏறும். மேல் ஷட்ஜம் வருவதற்குள் புருவம் நெற்றி நடுவுக்குப் போய்விடும், நாக்கின் அடிப்பகுதி பின்னால் இழுத்துக்கொண்டு தொண்டையை அடைத்துவிடும். அதையும் மீறி வருகிற ஒலி நசுங்கி வரும், அல்லது கள்ளத்தொண்டைக்குத் தாவிவிடும். பாடியவருக்கே அது பிடிக்காது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் முக்குவார்.

ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடும் ஒரு பெண்ணின் மேல் ஷட்ஜத்தில் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 415 தடவை சேர்ந்து பிரிகின்றன. இரண்டு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத இரண்டு மடிப்புகள் அவை. சுரம் மேலே போகப் போக அவற்றை நீட்டி மெலிதாக்குவது குரல்வளையிலேயே இருக்கும் சிறு தசைகளின் வேலை. அதில் புருவத்துக்கும் தோளுக்கும் பங்கே கிடையாது. நாக்கின் விஷயம் வேறு. நாக்கின் அடி எந்த எலும்பில் ஒட்டியிருக்கிறதோ அதே நாவடி எலும்பில்தான் குரல்வளையும் தொங்குகிறது. நாக்கு விறைத்தால் குரல்வளையும் இழுபடும். இந்த நிலைமையில் இருப்பவரிடம் "இன்னும் பலமா பாடு" என்று சொன்னால் பூட்டு இன்னொரு சுற்று இறுகும், அவ்வளவுதான்.

மூச்சுக்கு வருவோம். எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும் தொல்காப்பியம், காற்று உந்தியில் கிளம்பி, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றோடு கூடி ஒலியாகிறது என்கிறது. பல நூற்றாண்டு தள்ளி, திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் ஜகன்மோகினி ராகத்தில் அமைத்த 'சோபில்லு ஸப்தஸ்வர' கிருதியில் ஏழு சுரங்களும் ஒளிரும் இடங்களைச் சொல்லும்போது கொப்பூழ், இதயம், கழுத்து, நாக்கு, மூக்கு என்று வரிசைப்படுத்துகிறார். இலக்கணக்காரரும் இசைக்காரரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். காற்று தங்குவது நுரையீரலில்தான். ஆனால் உதரவிதானம் கீழே இறங்கும்போது வயிறு முன்னால் தள்ளப்படுவதால் பாடுகிறவருக்கு அந்த அசைவு உந்தியில் தெரிகிறது. அதை அவர்கள் உடம்பைக் கேட்டே எழுதியிருக்கிறார்கள்.

நாம் அந்த அசைவை மறந்தவர்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள் என்று சொல்லிச் சொல்லியே பெண் குழந்தைகளை வளர்க்கிறோம். மதுரையில் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சர், வகுப்பு தொடங்கும்போது முதலில் சொல்வது, "இடுப்பு நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக்கிட்டு உட்காருங்கம்மா" என்பதுதான். சுருதிப்பெட்டிகூட அதன் பிறகுதான். மூச்சைப் பற்றி நான் கேட்ட பாடங்களில் அதைவிட உருப்படியானது இன்னொன்று இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அரசவையில் இருந்த சார்ங்கதேவர் தமது 'சங்கீத ரத்னாகர'த்தில் பாடகர்களின் குற்றங்கள் என்று 25ஐப் பட்டியலிட்டிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது, வாயைக் கோரமாகப் பிளப்பது, கழுத்தைக் கோணிக்கொள்வது, நரம்பு புடைக்கப் பாடுவது, கன்னத்தை உப்பிக்கொள்வது, மூக்கால் பாடுவது எல்லாம் அதில் உண்டு. இவற்றுக்கு நடுவே, அதே வரிசையில், பயந்துகொண்டு பாடுவதும் கவனமில்லாமல் பாடுவதும் வருகின்றன. தாடை இறுகுவதையும் மனசு நடுங்குவதையும் அவர் இரண்டு கணக்கில் எழுதவில்லை. எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்த இடம் இது. கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிற பிள்ளையின் கழுத்தை மட்டும் திருத்திப் பயனில்லை. அந்தப் பிள்ளை எதற்கோ பயப்படுகிறது.

எதற்குப் பயம் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது யாரோ ஒருவர் "நீ சும்மா வாயசை போதும்" என்று சொல்லியிருப்பார். வீட்டில் ஒரு மாமாவோ அத்தையோ கிண்டல் செய்திருப்பார்கள். பையன்களுக்கு மகரக்கட்டு வரும் வயதில் இது இன்னும் கொடுமை. நேற்று வரை கணீரென்று பாடிய பிள்ளையின் குரல் இன்று நடுவில் உடைகிறது. குரல்வளை பெரிதாகிக்கொண்டிருக்கிறது, சில மாதங்களில் சீராகிவிடும் என்று அவனிடம் யாரும் சொல்வதில்லை. அவன் வெட்கப்பட்டு நிறுத்திவிடுகிறான். பலர் அதன் பிறகு பாடுவதே இல்லை. பன்னிரண்டு வயதில் கேட்ட ஒரு வார்த்தையை ஐம்பது வயது வரை தொண்டையில் சுமந்துகொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் குரலுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு யாருக்கும் கிடையாது என்று உறுதியாக நம்புகிறேன்.

டீச்சர் வகுப்பில் என்னோடு ஓர் அக்கா படித்தார். சிவகங்கைப் பக்கம். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பாட்டுக் கற்றுக்கொள்ள வந்தவர். ஒருநாள், "டீச்சர், எனக்கு மேல் ஸா எட்டவே மாட்டேங்குது. விட்டுருவோமா?" என்றார்.

"உங்க ஊர்ல முளைப்பாரி எடுக்கையில குலவை போடுவீங்கல்ல அக்கா?"

"போடாம? நான்தான் முதல்ல ஆரம்பிச்சு வைப்பேன்."

"எங்க, இப்பப் போடுங்க."

அக்கா சிரித்தார். பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார். பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போட்டார். அறை முழுக்க அதிர்ந்தது. டீச்சர் ஆர்மோனியத்தில் அந்தச் சுரத்தைத் தேடிப் பிடித்தார். அக்காவின் மேல் ஷட்ஜத்தையும் தாண்டி மேலே இருந்தது அது. "எட்டாத இடத்துக்கும் மேல போயிட்டு வந்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். குலவையில் நாக்கு ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது, அதனால் அது விறைக்கவே முடியாது. தாடையும் தானாகத் தளர்ந்துவிடும். அதோடு, சாமி முன்னால் குலவை போடுகிறவரிடம் யாரும் 'நன்றாக இருந்ததா' என்று கேட்பதில்லை. அதே வாயோடு, நாக்கை மட்டும் நிறுத்தி, ஆகாரமாக விடச் சொன்னார் டீச்சர். முதலில் பழையபடி புருவம் ஏறியது. திரும்பத் திரும்பப் போட்டு விட்டுப் பார்த்ததில் ஒரு நொடி மேல் ஷட்ஜம் திறந்து நின்றது. அன்றைக்கு அவ்வளவுதான். அது நிலைப்பதற்கு ஆறேழு மாதம் ஆயிற்று.

நடவு வயலில் பாடும் பெண்களைக் கேட்டவர்களுக்கு இது புரியும். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால்தான் குரல் வரும் என்கிறோம். அவர்களோ குனிந்த முதுகோடு, சேற்றில் பின்னால் நகர்ந்துகொண்டே, அடுத்த வரப்பு வரை எட்டும்படி பாடுகிறார்கள். கையும் காலும் மூச்சும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டதால் குரலுக்குத் தனியாகக் கவலைப்பட எதுவும் மிஞ்சுவதில்லை. நடவு இயந்திரம் வந்த ஊர்களில் வேலையோடு அந்தப் பாட்டும் போய்க்கொண்டிருக்கிறது. பாட்டு வகுப்பு எத்தனை வந்தாலும் அதை ஈடுகட்டாது.

வயலில் இல்லாமல் உட்கார்ந்து பாடும்போது பயத்தை மறக்க மனசுக்கு வேலை கொடுப்பது எப்படி என்பதில் கர்நாடக சங்கீதத்தின் பதில் எளிமையானது, கேள் என்பதே அது. தம்புராவின் மந்திர ஷட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருங்கள். சற்றுப் பொறுத்தால் யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் அதற்குள்ளிருந்து தானே எழும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஆரம்பப் பாடங்களை மாயாமாளவகௌளையில் வைத்த பெருமையைப் புரந்தரதாசருக்கு மரபு தருகிறது. அந்த ராகத்தின் காந்தாரமும் அதே அந்தர காந்தாரம்தான். மாணவர் தேடவேண்டிய சுரம் ஏற்கெனவே அறையில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மேல் ஷட்ஜமும் அப்படியே. காது அங்கே போய்விட்டால் தன் குரல் எப்படி இருக்கிறது என்ற கவலைக்கு இடம் குறைகிறது. பயம் ஒழிய நான் அறிந்த வழிகளில் இதைவிட நல்லது கிடையாது. போன் செயலியில் வரும் சுருதி கைக்கு வசதி. ஆனால் வாரத்தில் ஒருநாளாவது உண்மையான தம்புராவின் பக்கத்தில் உட்காருங்கள்.

சுருதியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பெண் என்றால் ஐந்து, ஐந்தரை, ஆண் என்றால் ஒன்று, ஒன்றரை என்று கட்டையை முதல்நாளே அச்சடித்ததுபோல் ஒதுக்கிவிடுகிறார்கள். எம்.டி.ராமநாதனின் (1923–1984) குரல் அடியாழத்தில் கனத்து ஒலிப்பது. டைகர் வரதாச்சாரியாரின் சீடரான அவர் அதை மேலே இழுத்து நாலு பேரைப்போல ஆக்கிக்கொள்ளவில்லை. தாழ்ந்த சுருதி, நிதானமான காலப்பிரமாணம், நீண்ட கார்வை என்று பாட்டையே தம் சாரீரத்துக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார். கச்சேரி ரசிகர்கள் எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. இன்று அவர் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிறோம். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குக் குரல் சற்றே தாழ்வது இயற்கை. அரைக்கட்டை குறைத்துக்கொண்டால் பலருக்கு மறுபடி தொண்டை திறந்துகொள்கிறது. குறைக்க மனசு வராமல் போராடித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்பவர்களைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் மிளகும் பனங்கற்கண்டும் போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடவேண்டும்.

ஆன்மா என்ற சொல்லைப் பாட்டு வகுப்பில் அதிகம் புழங்குவதை நான் விரும்புவதில்லை. ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாடுகிறவருக்குச் சொல்லின் பொருள் தெரிந்து, அதை யாரிடம் சொல்கிறோம் என்பதும் தெரிந்துவிட்டால் முகம் தளர்கிறது. ஓதுவார்கள் சன்னிதியில் தேவாரம் பாடும்போது அவர்கள் பார்வை கூட்டத்தின் பக்கம் திரும்புவதில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தேவாலயத்தில் பாடும் பாட்டிகளும் அப்படித்தான். தியாகராஜர் உஞ்சவிருத்தி எடுத்துத் தெருவில் நடந்துகொண்டே பாடியவர். பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளைப் பாடிக்கொண்டே சுற்றியவர். நடக்கிற கால், குளிர்ந்த காற்று, கூடவே பாடும் கூட்டம், முன்னால் ஒரு பெயர். இத்தனையும் சேர்ந்த இடத்தில் குரல் தன்னை மறந்து திறந்துகொள்கிறது.

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று பஞ்சரத்ன கிருதிகளை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிறார்கள். அங்குள்ள அவருடைய சமாதியைத் தம் சொத்தைச் செலவழித்துக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே பெண்கள் பாடத் தடை இருந்த காலத்தில் அதை எதிர்த்து நின்று உரிமையை வாங்கித் தந்தவரும் அவர்தான். இன்று அந்தப் பந்தலில் மேடை வித்வானும் முதல் வருஷ மாணவியும் அடுத்தடுத்து உட்கார்ந்து பாடலாம். கோஷ்டியில் தன் குரல் தனியாகக் கேட்காது என்பதால் கூச்சமுள்ளவர்களும் ஆரபி ராகக் கிருதி வரும்போது வாயைத் திறந்துவிடுகிறார்கள். பாட வேண்டும் என்று ஆசையும் பயமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு என் யோசனை இதுதான். பாட்டு வகுப்பில் சேருவதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் பக்கத்துக் கோயில் பஜனையிலோ, தேவாலயப் பாடல் குழுவிலோ, திருப்புகழ் கோஷ்டியிலோ போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்துகொள்ளாமல், கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இடுப்பு நாடாவைத் தளர்த்திக்கொள்ள மறக்கவேண்டாம்.