கணக்கில் வராத எங்கள் முதியோர்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை, கோட்-டெ-நேஜ் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் அப்பாட்மென்ற்றுக்குப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் வந்தார். கையில் ஒரு கேள்வித்தாள். வேறு நாடுகளிலிருந்து வந்த முதியோர் இங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று அறிய வந்ததாகச் சொன்னார். அவர் பிரெஞ்சில் கேட்க, பன்னிரண்டு வயதுப் பேத்தி தமிழில் சொன்னாள்.

"அப்பம்மா, வீட்டிலை உங்களை வடிவாப் பாக்கினமோ எண்டு கேக்கிறா."

அம்மா பேத்தியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லு பிள்ளை" என்றார். மாணவி அதை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு படுக்கும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. குறை இருந்தாலும் அதைப் பேத்தியின் வாயால், மகனுக்கும் மருமகளுக்கும் முன்னால் எந்தத் தாய் சொல்வார்? நாங்கள் இருவரும் விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் பொழுதுபட்டுத்தான் வீடு திரும்புகிறோம். அவ்வளவு நேரமும் அம்மா நாலு சுவருக்குள்ளே. அதைக் குறையென்று சொல்லாத அவருடைய பெருந்தன்மைதான் அந்தத் தாளில் "குறையில்லை" என்று ஏறிப்போனது.

இந்த ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஓ.எல். உடன் படிப்பு நின்றுபோன நாங்களும் அப்படித்தான் கேட்டோம். விசாரித்துப் பார்த்தபோது அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

ஆராய்ச்சி நிலையங்கள் எதற்கு?

1982 இல் வியன்னா நகரில் ஐக்கிய நாடுகள் சபை முதுமை பற்றிய முதலாவது உலக மாநாட்டைக் கூட்டியது. அதன் பின்னர் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் முதுமையை வைத்தியர்களின் விடயமாக மட்டும் பாராமல், வீடு, வருமானம், தனிமை, பராமரிப்பு என்று சமூக விடயமாகவும் ஆராயத் தலைப்பட்டன. மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகம் 1985 இல் முதுமை ஆய்வுக்கென ஒரு நிலையத்தை அமைத்தது. எங்கள் அயலிலே, குயீன் மேரி வீதியில், மொன்றியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த முதியோர் மருத்துவ நிறுவகம் தனது சொந்த ஆராய்ச்சி நிலையத்தோடு இயங்குகிறது. கொன்கோடியா பல்கலைக்கழகத்திலும் இத்தகைய நிலையம் ஒன்று உண்டு.

இவற்றுள் எங்களைக் கவர்ந்தது கோட் சான் லூக்கில் உள்ள சமூக முதுமையியல் ஆராய்ச்சி நிலையமாகும். சுருக்கமாக கிறெஜெஸ் என்பார்கள். அது பல்கலைக்கழக வளவுக்குள் இல்லை. றெனே கசான் என்ற சி.எல்.எஸ்.சி. யோடு சேர்ந்து வளர்ந்தது. நாங்கள் தடுப்பூசிக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் போகிற அதே மாதிரியான சி.எல்.எஸ்.சி. தான். வீடு வீடாகப் போகும் சமூக சேவையாளர் கண்டதை ஆராய்ச்சியாளர் படிக்கிறார். அவர் கண்டுபிடித்ததைச் சமூக சேவையாளர் மறுபடி வீடுகளுக்குக் கொண்டுபோகிறார். மூடிய அறையில் நடக்கும் ஆராய்ச்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எண்ணிக்கை பேசும் நாடு

இந்த நாட்டில் அரசாங்கம் ஒன்றைச் செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் எண்ணிக்கை வேண்டும். 2012 இல் மத்திய அரசு முதியோர் பென்சன் வயதை 65 இலிருந்து 67 ஆக உயர்த்தப் போவதாக அறிவித்தது. பென்சனுக்கு நாட்டிடம் போதிய பணம் இருக்கிறது என்று பாராளுமன்றத்தின் வரவு செலவு அலுவலர் கணக்குக் காட்டினார். வாதம் தொடர்ந்தது. 2016 இல் அடுத்து வந்த அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

எங்கள் முதியோருக்கு அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அந்தப் பென்சன் எடுக்க, 18 வயதுக்குப் பிறகு கனடாவில் குறைந்தது 10 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். முழுப் பென்சனுக்கு 40 வருடம். 68 வயதில் ஸ்பொன்சரில் வந்த தாய்க்கு முதற் காசு 78 வயதில்தான், அதுவும் நாலில் ஒரு பங்கு. வருமானம் குறைந்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு கூட்டுத்தொகை உண்டு. கியூபெக்கில் பெற்றோரை அழைத்தவர்கள் 10 வருடத்துக்குப் பொறுப்பு. இடையில் அவர்கள் வெல்பெயர் எடுத்தால் பிள்ளைதான் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பத்து வருடமும் கையில் ஒரு சதமுமில்லாமல், பஸ் ரிக்கற்றுக்கும் பிள்ளையிடம் கேட்டு வாழும் தாய் தந்தையர் எத்தனை பேர்? நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம், எண்ணிக் காட்டியவர் யார்?

கனடாவில் முதுமை பற்றிய மிகப் பெரிய ஆய்வு ஒன்று நடக்கிறது. 2010 முதல் 2015 வரை, 45 இலிருந்து 85 வயது வரையான 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை விசாரித்து, 20 வருடம் தொடர்வது திட்டம். நடத்துபவர்களில் மக்கில் பல்கலைக்கழகமும் ஒன்று. நல்ல முயற்சிதான். ஆனால் அதில் சேர ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த எங்கள் அம்மாமாருக்கு வாசலிலேயே கதவு மூடிவிடுகிறது.

யூத மக்களிடம் ஒரு பாடம்

றொரன்ரோவில் பேக்கிறெஸ்ற் என்ற யூத முதியோர் நிறுவனம் உண்டு. றொரன்ரோ பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஹிட்லரின் வதைமுகாம்களில் தப்பி வந்தவர்கள் அங்கே முதுமையடைந்தபோது, சாதாரணக் குளிப்பறைச் சவரும், வரிசையில் நிற்பதும், சீருடை போட்டவர்களும் அவர்களை நடுங்க வைத்தன. அந்த முதியவர்களிடமிருந்து கற்றதைப் பராமரிப்பவர்களுக்கான கைந்நூலாக 2003 இல் அந்நிறுவனம் வெளியிட்டது.

எங்கள் கட்டிடத்தில் ஒருமுறை தீ அலாரம் அடித்தது. எங்கள் மாடியிலுள்ள ஓர் அம்மா பத்திரங்கள் கிடந்த பையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே படுத்துவிட்டார். பார்க்க வந்த ஒருவர் "மூளை தடுமாறுகிறது" என்று எழுதிக்கொண்டு போனார். அந்த அம்மாவின் மூளை தடுமாறவில்லை. 1995 இல் யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்தவர், பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்துக் கிடந்தவர் என்ன செய்வாரோ அதைத்தான் செய்தார். 2009 ஐக் கண்டு வந்தவர்களும் நம்மிடையே முதுமையடைகிறார்கள். அவர்களுக்கான கைந்நூலை யார் எழுதப் போகிறார்கள்?

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். மொன்றியல் சுகாதார சேவைக்கு மொழிபெயர்ப்பாளர் வசதி உண்டு, முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது, ஆராய்ச்சி என்று வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். சொன்னது இமிகிறேசனுக்குப் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. 1998 முதல் கனடாவில் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு ஒழுக்க விதிகள் எழுத்தில் உள்ளன. உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், நடுவிலே விலகலாம், சொன்னதை இரகசியமாகக் காக்க வேண்டும். பத்திரத்தை விளங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.

மூன்றாவது, வீட்டிலோ வெளியிலோ முதியவர் ஒருவர் துன்புறுத்தப்பட்டால் 1-888-489-2287 என்ற இலவச இலக்கத்துக்கு அழைக்கலாம். 2010 முதல் கியூபெக் முழுவதற்கும் இயங்குகிறது.

நாலாவது, எல்லாப் பிள்ளையும் டொக்ரரும் இஞ்சினியரும் ஆக வேண்டுமா? ஒரு பிள்ளையாவது சமூக சேவையும் முதுமையியலும் படிக்கட்டும். தமிழில் கேட்கவும் பிரெஞ்சில் எழுதவும் தெரிந்த ஒருவர் அந்த நிலையங்களுக்குள்ளே இருந்தால், நூறு கூட்டம் வைத்துச் செய்ய முடியாததை அவர் செய்வார்.

அந்த மாணவியை நாங்கள் மறுபடி அழைத்தோம். இம்முறை தமிழ் தெரிந்த பெண் ஒருவரையும் கூட்டிவந்தார். நாங்கள் பேத்தியோடு உடுப்புத் தோய்க்கும் கடைக்குப் போய்விட்டோம். திரும்பி வரும்போதும் அம்மா கதைத்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. அன்றிரவு அவர் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நமது முதியோர் அழப் பழகாதவர்கள். அவர்கள் வாய் திறக்க ஓர் இடமும், அதைக் கேட்க ஒரு காதும் ஏற்படுத்திக் கொடுப்பது பிள்ளைகளாகிய நமது கடமையல்லவா? நாளைக்கு நாமும் அந்த நாற்காலியில்தான் இருக்கப் போகிறோம். சிந்திப்போம்.