ஏறி இறங்கும் என்ஜின்

கோத்தகிரியில் பள்ளி மைதானம் ஒன்றைப் பராமரிக்கும் வாசகர் எழுதியிருந்தார்: "புல்வெட்டும் இயந்திரம் கிளம்புகிறது. ஆனால் சத்தம் உய்ங்ங் என்று ஏறுகிறது, தணிகிறது, மறுபடி ஏறுகிறது. பிளக் மாற்றியாயிற்று. கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிவிடலாமா?"

வேண்டாம் ஐயா. அந்த ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள்.

சின்ன என்ஜின்கள் பலவற்றில் கவர்னர் என்பது வெறும் தகடு. ஃப்ளைவீலின் இறக்கைகள் என்ஜினைக் குளிர்விக்க வீசும் காற்றின் பாதையில் அது நிற்கும். வேகம் கூடினால் காற்று தகட்டைத் தள்ளித் திராட்டிலை மூடும்; குறைந்தால் ஸ்பிரிங் இழுத்துத் திறக்கும். காற்றும் கம்பிச்சுருளும் இழுபறி போட்டே வேகத்தை நிலைநிறுத்துகின்றன! ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி என்ஜினுக்குச் சுழலும் குண்டுகளை வைத்துச் செய்ததும் இதே வேலைதான். இப்படிக் கட்டுப்படுத்தும்போது வேகம் ஏன் சில நேரம் அலைபாய்கிறது என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1868-இல் கணக்குப் போட்டுக் கட்டுரையே எழுதினார்.

வாடகை சைக்கிளில் பழகிய நாளில், விழப்போகிறோம் என்ற பயத்தில் ஹேண்டிலை வெடுக்கென்று ஒடிப்பேன். மறுபக்கம் சாயும், மறுபடி ஒடிப்பேன். மண்தெருவில் பாம்பு போன தடம் மாதிரி இருக்கும். உங்கள் என்ஜினும் அப்படித்தான் தவிக்கிறது. பெட்ரோல் போதாமல் வேகம் விழுகிறது, கவர்னர் திராட்டிலை அகலத் திறக்கிறது, வேகம் எகிறுகிறது, உடனே மூடுகிறது. கவர்னர் தன் கடமையைத்தான் செய்கிறது. அதை முறுக்கினால் கத்தி அளவுக்கு மீறிச் சுற்றும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அது ஆபத்து.

சோக்கைப் பாதி போட்டுப் பாருங்கள். ஆட்டம் அடங்கினால் பெட்ரோல் பாயும் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது கார்புரேட்டர் கேஸ்கெட் வழியே காற்று இழுக்கிறது. பெரும்பாலும் ஜெட்தான். என்ஜின் ஆறியதும் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தை இறக்குங்கள். பித்தளை ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு துளை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், மின்வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, பெட்ரோலில் நனைத்துக் குத்துங்கள். இரும்பு ஊசி வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும்.

ஜெட் அடைப்பது பெரும்பாலும் மழைக்காலம் முழுக்கப் பெட்ரோலோடு மூலையில் தள்ளிவைப்பதன் விளைவு. பழைய பெட்ரோல் பிசினாகும். இப்போது அதில் கலக்கும் எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வெட்டி முடித்ததும் தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்கள்கூடப் பெட்ரோல் குழாயை மூட மறந்துவிடுகிறார்கள். நெடுநாள் நிறுத்துவதாக இருந்தால் குழாயை மூடி, கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீர்ந்து என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.